டாஷ்போர்டுக்குள் கிடப்பவை

போர்ட் லூயிஸில் என் பெயர் எவருக்கும் தெரியாது,
அமைச்சரின் வண்டி எண் எல்லோருக்கும் தெரியும்.
கியூர்பிப் மழையில் கண்ணாடியைத் தட்டுவார்கள்.
நனைந்த தாளில் நாலு வரி:
மகனுக்குத் துறைமுகத்தில் வேலை,
தங்கைக்கு ரோட்ரிக்ஸிலிருந்து மாற்றல்.
"அவர் காதுல போட்டு வையுங்க, போதும்."

ஒன்றையும் நான் போட்டதில்லை.
டயர் ரசீதுகளோடு டாஷ்போர்டுக்குள் கிடக்கின்றன.

ஆனாலும் சிலருக்குக் கிடைத்துவிடுகிறது.
டிசம்பரில் லிச்சிக் கொத்தோடு வந்து
கைகூப்பினாள் ரோஸ்ஹில் தேவயானி வீரப்பேன்.
இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள்
பின் கதவு சாத்தும் சத்தம்.

கிடைக்காதவர்களுக்கும் என்மேல் கோபமில்லை.
வேறு எவனோ கனமாக வைத்திருப்பான்,
அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.
லிச்சி நன்றாகத்தான் இருந்தது.

நேற்று என் மகள்
ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பினாள்.
எந்த வண்டியின் கண்ணாடியைத் தட்டுவதென்று
இன்னும் யோசிக்கிறேன்.