பன்னிரண்டு கிராம்

பெரிய வாய்க்காலைத் தூர்வாரிய அன்று சாயங்காலம்
எத்திராசு கொண்டுவந்தான், லுங்கி முடிச்சில்.
சாக்கடையும் உப்பும் தின்று பச்சை பூத்த காசு.
செம்பு கிலோ என்ன விலை என்றான்.
எழுநூறு என்றேன், சுத்தமாய் இருந்தால்.

புளி போட்டுத் தேய்த்தேன்.
முதலில் எழும்பியது ஒரு தராசு.
அதன் உச்சியில் குல்லாய் ஒன்று,
தலை இல்லாமல்.
புரட்டினால்
கதிர் வீசும் கண்,
அடியில் பலகை, பலகை நிறைய எழுத்து.
ஒரு பக்கம் திராட்சைக் குலை, மறுபக்கம் கோதுமை.
இந்த ஊர் மண்ணில் இரண்டும் விளைந்து நான் பார்த்ததில்லை.
"யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை?" என்றான்.

பழைய பேப்பர் போட வந்த சொல்தா வீட்டு மர்த்தீன்
வெளிச்சத்துக்குச் சாய்த்துப் படித்தாள்:
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
குடியரசின் ஆண்டு இரண்டு.
அரசனைத் தள்ளிவிட்டு
வருஷத்தையே ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்களாம்.
பலகையில் இருப்பது,
சட்டத்தின் முன் மனிதர்கள் சமம்.
கொஞ்சம் நிறுத்தி,
"ஆண்கள் சமம் என்றும் படிக்கலாம்,
பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்."
நானும் அவளும் சிரித்தோம்.
எத்திராசு
கால் விரலிடுக்குச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைப் பட்டணம்
மேற்கே கறுப்புப் பட்டணம் என்றிருந்த காலத்தில்
யார் கையிலிருந்து நழுவியதோ,
கிழக்கே போகும்போதா, மேற்கே திரும்பும்போதா.
எத்திராசு கழுத்தளவு இறங்கும் அதே சேற்றில்
இருநூற்றுச் சொச்சம் வருஷம்
கிடந்திருக்கிறது அந்த வாக்கியம்,
மேலே கண் திறந்தபடி.

கல்லில் தட்டிப் பார்த்தேன்.
வெறும் செம்பு இப்படிப் பேசாது.
மாதாகோயில் மணிகளை இறக்கி உருக்கி
அந்நாளில் காசடித்தார்கள் என்றாள் மர்த்தீன்.
கலப்படம், செம்பு விலை வராது
என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது. தொழில் அப்படி.

கல்லாவிலிருந்து பத்து ரூபாய்க் காசை எடுத்து வைத்தேன்.
அதைத்தான் எத்திராசு உற்றுப் பார்த்தான்.
"மூணு சிங்கந்தான் இருக்கு. நாலாவது?"
பின்னால் நிற்கிறது என்றேன்.
"எதைப் பாத்துக்கிட்டு?"

பழைய காசைத் தராசில் வைத்தேன்.
பன்னிரண்டு. பதினொன்று. பன்னிரண்டு.
எலெக்ட்ரானிக் தராசு, காற்றடித்தாலே எடை மாறும்.
"சரியாப் பாருக்கா" என்றான்.

எழுந்துபோய்
ஃபேனை நிறுத்தினேன்.