ஐம்பத்தொன்பதாம் முகம்

புதுக்கடை, நீதிமன்றுக்கு எதிர்ச்சாரி,
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் கந்தோர்.
ஒரேயொரு மின்விசிறி. அதற்குப் பயந்து
ஒவ்வொரு கடதாசிக் கட்டின் மேலும் ஒரு கல்.

பதினெட்டு வருசம் பாமினியில் தட்டிய கோப்புகள்:
பிறப்பு, விவாகம், காணி உறுதி, சத்தியக்கடதாசி.
தூதரகங்களுக்கு அனுப்பினால்
அங்கே அந்த எழுத்துரு இல்லை.
அங்கே அம்மா என்பது
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

"ஒரு பட்டன் போட்டுத் தாரும்" என்றார் றொசிற்றா.
"அமத்தினா எல்லாம் யூனிகோட் ஆகவேணும்.
வேற ஒண்டும் எனக்கு விளங்கப்படுத்த வேண்டாம்."

முதல் நாளே ஊரின் பெயர் உடைந்தது.
கொழும்பின் முதலெழுத்தில்
கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க.
கொம்பையும் க-வையும் நான் அவசரப்பட்டுச் சேர்த்துவிட
கால் தனியே நின்றது,
கடைசி பஸ்சைத் தவறவிட்ட ஆள் மாதிரி
புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு.
நீளமானதை முதலில் தேடு, குட்டையானதைப் பிறகு.
இவ்வளவுதான் விசயம்.
ஒரு வெள்ளி இரவு முழுவதும் போனது.

பிறகு கடவுச்சீட்டுகள் தமிழாகின.
இலக்கத்துக்கு முன் நின்ற என் என்ற எழுத்தெல்லாம்
இரட்டைக்கொம்பாக முளைத்தது.
ஆகவே ஒவ்வொரு சொல்லையும் மறித்துக் கேட்டேன்:
நீ எந்த எழுத்துரு?
பாமினி என்றால் இப்படி வா. இல்லையென்றால் போ.
இந்த நகரத்தில்
அந்தக் கேள்வியை நான் கேட்பவனாவேன் என்று
நினைத்திருக்கவில்லை.
வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி, அழித்து,
வேலையைத் தொடர்ந்தேன்.

பட்டனுக்கு ஒரு படம் வேண்டும்.
பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
அ வரைந்து பார்த்தேன். சுழி அடைபட்டு
நசுங்கிய இலையான் போலிருந்தது.
மென்பொருளோடு வருகிற முகங்களில்
ஐம்பத்தொன்பதாம் இலக்கம், மஞ்சள், சிரிக்கிறது.
இப்போதைக்கு இருக்கட்டும் என்று விட்டேன்.
இப்போதைக்கு என்று விட்டவைதானே நிலைக்கின்றன.

திங்கள் பதினொரு மணிக்குத் தொலைபேசி.
"தம்பி, பிழையான கோப்பில சிரிப்ப அமத்திப்போட்டன்.
திருப்பி எடுக்கிறன், வருதில்ல."
அப்போதுதான் விளங்கியது:
நான் எழுத்தெழுத்தாக மாற்றியிருந்தேன்,
அவர் எழுத்தெழுத்தாகத் திரும்பிக்கொண்டிருந்தார்.
ஒருதரம் அமத்தியதற்கு
இருநூற்றுச் சொச்சம் தரம் பின்னோக்கி.
நூற்றெண்பதில் பிளேன்ரீ வந்ததாம்,
எண்ணிக்கை தவறிவிட்டதாம்.
திரையில் பாதிப் பெயர் தமிழ்,
பாதி அரைப்புள்ளி.

அத்தனையையும் ஒரே அடியாகக் கட்டினேன்,
ஒரு அமத்தல், ஒரு திரும்பல்.
பணம் கேட்கக் கூச்சமாக இருந்தது.
கேட்டேன். இரண்டு ரோல்ஸும் காசோலையும் தந்தார்.

படியிறங்க முன் அடுத்த மேசையில் சுஜீவனி,
சிங்களப் பக்கத்து எழுத்தாளர்,
கதிரையை என் பக்கம் திருப்பினார்:
"மல்லி, அப்பிட்டத் எக்கக்."

அவர்களின் எழுத்துரு வேறு, உடைவது அதே இடம்.
அவர்களின் கொம்பும்
எழுத்துக்கு முன்னால் நிற்கிறது,
நினைவகத்தில் பின்னால் இருக்கிறது.
பாதி வரிகளை அப்படியே பிரதி எடுத்தேன்.
படம் மாற்ற மறந்துபோனேன்.

இப்போது இரண்டு கணினியிலும்
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மஞ்சள் முகம்.
"எது எங்கட சிரிப்பு?" என்று றொசிற்றா
இன்னமும் மாதத்துக்கு ஒருதரம் கேட்கிறார்.
இடப்பக்கம், அக்கா.
மாறி அமத்தினாலும் பயமில்லை,
ஒன்றும் நடவாது.
அதை மட்டும் முதலிலேயே
சரியாக எழுதியிருந்தேன்.