ஒன்றா, ஏழா

வெள்ளிக்கிழமை. அல் தகீரா. காலை ஐந்து பத்து.
நீர் இறக்கம். காற்று வடமேற்கு, லேசாக.
வந்தவர்கள் பதினான்கு பேர்.
கையெழுத்துப் போட்டவர்கள் பதிமூன்று.
இத்ரீஸின் கையெல்லாம் சேறு.

வாரம் ஆறு நாள் நான் கிடங்குக்காரன்.
போல்ட், நட்டு, வாஷர், பிவிசி முழங்கை.
எது வந்தது, எது போனது, எது குறைந்தது.
குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இங்கே குறைந்தால் யாரும் பிடிப்பதில்லை.
அதனாலேயே இன்னும் கவனமாக எழுதுகிறேன்.

அலையாத்திக் கன்று ஒன்றுக்கு ஒரு வரி.
எண், உயரம், இலை,
உயிர்: உண்டு, இல்லை.
பென்சில் மட்டும்தான். பேனா மை
ஒருமுறை உப்பீரத்தில் பரவி
மார்ச் மாதம் முழுவதையும் கொண்டுபோனது.

திரும்பும் வண்டியில் மாரிசெல் கேட்பாள்,
ரவுண்டாக ஐந்நூறு என்று போட்டுவிடலாமா?
நானூற்று அறுபத்து மூன்று என்பேன்.
சிரிப்பாள்.
பேனரில் ஐந்நூறு,
நோட்டில் நானூற்று அறுபத்து மூன்று,
இரண்டும் ஒரே வண்டியில் தோஹா போய்ச் சேரும்.

நேற்றிரவு கணினியில் ஏற்றும்போது
பழைய தாள் ஒன்றில் நின்றுவிட்டேன்.
தெற்கு ஓடை, ஒன்பதாம் வரிசை.
எழுதியவர் செபஸ்தியான்.
அவர் போடும் ஏழுக்குத் தலை குட்டை,
ஒன்றுக்கு மூக்கு நீளம்.
பட்டுப்போனது ஒரு கன்றா, ஏழு கன்றா?

கம்பெனி மூடி, அவர் ஊர் போய் எட்டு மாதம்.
தருவைக்குளத்துக்குப் போன் போட்டேன்.
சாப்பிட்டியா என்றார்.
பாக்கிச் சம்பளம் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா என்றார்.
இரண்டுக்கும் இல்லை என்றுவிட்டு
ஒன்பதாம் வரிசைக்கு வந்தேன்.
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
"அன்னைக்கு ஒரு நண்டு செருப்புக்குள்ள போச்சு.
அது ஞாபகம் இருக்கு.
கணக்கு ஞாபகம் இல்லடா."

ஏழு என்றால் அந்த ஓடையில் ஏதோ நடந்திருக்கிறது.
ஒன்று என்றால் ஒன்றுமில்லை.
எதைப் போட்டாலும் கேட்க ஆளில்லை.

இன்று முழங்கால் சேற்றில் போய் நின்று பார்த்தேன்.
இடைவெளிகளில் எப்போதோ புதுக்கன்று நட்டாயிற்று.
எது பழசு, எது புதுசு,
இலைகள் சொல்வதாக இல்லை.

இனி ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போடவும் என்று
முதல் பக்கத்தில் எழுதி ஒட்டினேன்.
ஒன்பதாம் வரிசையில்:
ஒன்று அல்லது ஏழு. எழுதியவரிடம் கேட்டது. நினைவில்லை.
தேதி, என் கையெழுத்து.
குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது.
நண்டு, ஒன்று.
இதில் சந்தேகமில்லை.