ஏழு நாள் ஹயர்

பலாலியில ஏத்தினன். ஆறு பேர், பதினொரு பெட்டி.
“எல்லாத்தையும் ட்ரங்கில போடுங்கோ அண்ணை”
எண்டான் ரொறன்ரோ வாகீசன்.
வானை ஒருக்காச் சுத்தி வந்தன்.
றங்குப்பெட்டி என்ர வீட்டிலயெல்லோ கிடக்கு,
உள்ளுக்கு மனிசியின்ர கூறையும் காணி உறுதியும்.
இவனுக்கு ஆர் சொன்னது?

லண்டன் மாமி கறுப்புக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்தித் திருத்தினா:
“ட்ரங்க் இல்லையடா, பூட்.”
குனிஞ்சு என்ர காலைப் பாத்தன்.
செருப்பு.
“டிக்கியோ?” எண்டன்.
வாகீசன் அங்கால திரும்பி நிண்டு சிரிச்சான்,
ஏனெண்டு இண்டைக்கும் தெரியாது.
பின்கதவுக்கு மூண்டு பேர். அது பாவம்,
எந்தப் பேருக்கும் திறந்துது.

கொடிகாமத்தடியில முள்ளு கீழ விழுந்திட்டுது.
“காஸ் அடிக்க வேணும்போல கிடக்கு” எண்டான்.
ஒரு சிலிண்டருக்கு மூண்டு நாள்
றோட்டில படுத்தெழும்பின மனிசனுக்கு முன்னால
அந்தச் சொல்லைச் சும்மா எடுக்கக்கூடாது.
கடை கண்ட இடத்தில பிறேக் போட்டன்,
இறங்கினன், விலை கேட்டன்,
கண்ணாடியில தட்டி
“நீலமோ மஞ்சளோ?” எண்டன்.
“டீசல்” எண்டான்.

அப்ப ஷெட்டுக்குப் போவம் எண்டு வானைத் திருப்ப,
மெல்பேண் சுகிர்தாவுக்குச் சந்தேகம்:
ஆற்றை வளவுக்க? மண்வெட்டி எடுக்கவோ?

அதே சுகிர்தாதான் குறிகட்டுவானில
சனமெல்லாம் படகுக்கு நெருக்குப்படேக்க
தன்ர தோங்ஸ் அறுந்துபோச்செண்டு கத்தினவ.
மாமி ஓடிவந்து வாயைப் பொத்தினா.
பெரிய பாவாடையொண்டால சுத்தி மறைக்கவும் பாத்தா.
பிள்ளை ஒற்றைக்காலில நிக்குது,
கையில ஒரு றப்பர்ச் செருப்பு.
“ஓ, பாட்டாவோ” எண்டன் நான்.
ஆறு வயசு மிலா படகைத் திரும்பிப் பாத்தாள்:
“எந்தப் பாட்டா? ஏன் அறுந்தவர்?”

அஞ்சாம் நாள் காரைநகர். கசூரினா.
கடல் முழங்காலுக்கு மேல வரமாட்டன் எண்டு படுத்துக் கிடக்கு.
நான் வான் நிழலில பிளேன்ரீ ஊத்திறன்.
மிலா அங்கால ஓடினவள்
ரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்திறாள்:
“ஷெல்! ஷெல்! இஞ்ச கனக்க ஷெல்!”

பிளாஸ்க் எங்க போச்சுதெண்டு தெரியேல்லை.
வாய்க்குள்ள மண்.
முழங்கை ரண்டும் காதுக்கு மேல.
உடம்பு என்னட்டைக் கேட்டுத்தான்
எல்லாம் செய்யிறதெண்டு நினைச்சிருந்தன்.

சிரிப்புச் சத்தம் கேட்டுது.
வாகீசன், சுகிர்தா, மற்றதுகளும்.
அண்ணை தடக்கி விழுந்திட்டார்.
கண்ணைத் திறக்க, வானுக்குக் கீழால,
அந்தப் பக்கத்துச் சில்லோட ஒட்டின மாதிரி
லண்டன் மாமி.
குப்புறக் கிடக்கிறா.
கறுப்புக்கண்ணாடி மண்ணில.

எண்ணெய் ஒழுகிற எஞ்சினுக்குக் கீழ
ஆளை ஆள் பாத்துக்கொண்டு கிடந்தம்.
அஞ்சு நாளில முதல்தரமாக் கேட்டா:
“தம்பிக்கு எந்த ஊர்?”
“மயிலிட்டி.”
“நாங்கள் அளவெட்டி” எண்டா,
எழும்பிச் சீலையைத் தட்டினா,
கல்லுத் தடக்கினதெண்டு எல்லாருக்கும் சொன்னா.
அந்தக் கடற்கரையில கல்லே கிடையாது.

மிலா ஒரு சிரங்கை அள்ளிக்கொண்டு வந்தாள்.
இதுக்குத் தமிழில என்ன?
“சிப்பி” எண்டா மாமி.
“இது சிப்பியில்லை, சோகி” எண்டன்.
“சோகி வழுவழுப்பா இருக்கும், எனக்குத் தெரியாதே?”
“அப்ப ஊரி.”
“அளவெட்டியில இதை ஊரியெண்டு ஆரும் சொல்லாயினம்.”
“அளவெட்டியில கடலே இல்லையே மாமி.”
கீரிமலை தாண்டும் மட்டும் விடேல்லை மனிசி.

அவையை ஏத்திவிட்டு வந்து
வானைக் கழுவ இன்னும் நேரம் கிடைக்கேல்லை.
வளைவுகளில பின்னால என்னமோ உருளுது.
மனிசி கேட்டாள், என்ன சத்தம் அது?
ஊரி எண்டன்.