முதல் வரிசை

முதலாளியம்மா லுயென் சொல்லித் தந்தது ஒன்றுதான்:
நல்ல வண்டி முன்னால், மற்றதெல்லாம் சந்துக்குள்.
நல்ல வண்டி எது என்று நான் கேட்கவில்லை.
ஹைஃபோங்கில் அதைக் கேட்கிறவன்
பார்க்கிங் வேலைக்கு லாயக்கில்லை.

எஸ்.எச். வந்தால் ஓடிப்போய்ப் பிடிப்பேன்.
வெஸ்பா வந்தால் நடந்து.
வேவ் வந்தால் கையை மட்டும் காட்டுவேன்:
அதோ, மீன்கூடை கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில்.
பாட்டரி ஸ்கூட்டரில் வரும் பள்ளிக்கூடப் பெண்கள்
நான் கை தூக்கும் முன்பே
சந்துக்குள் திரும்பிவிடுவார்கள்.

சீட்டில் சாக்பீஸால் எண் எழுதுவது வழக்கம்.
எஸ்.எச். சீட்டில் எழுதக் கூடாது,
அதற்குக் கண்ணாடியில் தொங்கும் அட்டை.
வேவ்காரர்கள் வீடு திரும்பும்போது
கால்சட்டைப் பின்புறத்தில்
இடம் வலம் மாறிய நாற்பத்தொன்று
அவர்களோடு போகும்.

சனிக்கிழமைதோறும் ஞியெம் வருவார்.
சாம்பல் நிற எஸ்.எச்., நம்பரில் மூன்று ஒன்பது.
ஒரு கறுப்புக் காப்பி, இரண்டு மணி நேரம்.
சாவியை மேசைமேல் வைப்பார்,
முத்திரை மேலே தெரியும்படி.
நிலம் வாங்க ஆட்கள் வருவார்கள்,
வாசலில் வண்டியைப் பார்ப்பார்கள்,
பிறகுதான் அவரைப் பார்ப்பார்கள்.
"தம்பி, இது என் விசிட்டிங் கார்டு" என்றார் ஒருநாள்.
"சக்கரம் இருப்பது தற்செயல்."

மழை பெய்த ஒரு செவ்வாய்,
பிளாஸ்டிக் அங்கி போட்ட ஓர் ஆள்,
பக்கக் கண்ணாடி உடைந்த சிவப்பு வேவ்.
குழாய்ப் பக்கம் கை காட்டினேன்.
ஆள் நகரவில்லை.
"நான்தான்" என்றது அங்கி.
அதற்குள் ஒரு முகம் இருந்தது.
இத்தனை நாளில்
அதை நான் பார்த்ததே இல்லை போல.

ஈரச் சீட்டில் சாக்பீஸ் பிடிக்கவில்லை.
ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.
வந்த ஆட்கள் வாசலை இருமுறை பார்த்தார்கள்,
காப்பி ஆறும் முன் எழுந்து போனார்கள்.

அடகுக் கடையிலும்
நல்ல வண்டி முன்னால்தான் நிற்கிறது.
மூன்று ஒன்பதுகளைத் தெருவிலிருந்தே கண்டுகொண்டேன்.
அதுவரை ஷோரூமுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன்.
இரண்டு தடவையும் விற்பனைப் பையன்
என் செருப்பைப் பார்த்துவிட்டு
வேவ் இருக்கும் மூலைக்குக் கூட்டிப் போனான்.
அடகுக்காரன் செருப்பைப் பார்க்கவில்லை.
மூன்று வருடச் சேமிப்பையும்
இன்னும் இரண்டு வருடத் தவணையையும் பார்த்தான்.

என் அறை நீளத்தில் ஆறு தப்படி,
அகலத்தில் மூன்று.
ராத்திரி வண்டி உள்ளேதான் நிற்க வேண்டும்.
துவே வந்து பார்த்தாள்,
விளக்கைத் தொட்டாள், டாங்கைத் தட்டினாள்.
"அழகு" என்றாள்.
"கல்யாணத்துக்குப் பிறகு
எங்கள் இரண்டு பேரில் யார் வெளியே படுப்பது?"
அவள் மாமா மட்டும்
அன்றைக்குத்தான் முதன்முறையாக என்னை
'மாப்பிள்ளை' என்றார்.

வேலைக்கு ஓட்டிப் போனேன்.
பழக்கத்தில் சந்துக்குள் தள்ளப் பார்த்தேன்.
"எங்கே கொண்டு போகிறாய்?" என்றாள் லுயென்.
"முன்னாலேயே நிற்கட்டும், கடைக்கு நல்லது."
வண்டிக்கு முதல் வரிசை.
எனக்கு வழக்கம்போல் குடைக்குக் கீழே
பிளாஸ்டிக் முக்காலி.

சனிக்கிழமை ஞியெம் சந்து வழியாக வந்தார்.
ஒன்பதுகளைப் பார்த்தார்.
எதுவும் சொல்லவில்லை.
அதே மேசையில் உட்கார்ந்து
சட்டைப் பையில் விரலை விட்டு
ஒரு சாவியை எடுத்து வைத்தார்,
முத்திரை மேலே தெரியும்படி.
மாற்றுச் சாவி.
அடகுக்காரனிடம் நான் கேட்க மறந்தது.

புதிய ஆட்கள் இருவர் வந்தார்கள்.
வாசலில் நின்று வண்டியைப் பார்த்தார்கள்.
உள்ளே போய்க் கைகுலுக்கினார்கள்.
அவர் ஒருமுறை,
அவர்கள் தோளுக்கு மேலாக,
என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து போய்
என் வண்டியின் கண்ணாடியில்
ஓர் அட்டையை மாட்டினேன்.
மறுபாதியை
அவர் மேசையில் வைத்தேன்.