இருபத்தொன்று

மஞ்சக்குப்பத்தில் ராத்திரியே கரண்ட் போய்விட்டது.
தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வந்த காற்று
கொடியில் கிடந்த என் பாவாடையைக் கொண்டுபோய்
பிலோமினா வீட்டு முருங்கையில் மாட்டியிருக்கிறது.
இன்றைக்கென்று நோன்பு.
இன்றைக்கென்று படம்.

மஸ்கட்டிலிருந்து மதிவதனி சொல்லிவிட்டாள்:
"தட்டு முழுக்கத் தெரியணும்மா,
ஃப்ளாஷ் போடாதே,
போன வருஷம் வறட்டி மாதிரி இருந்துச்சு."

வறட்டியாம்.

பச்சரிசியை நிழலில் உலர்த்தி
ஈரம் போகுமுன் இடித்துச் சலித்து,
கிண்ணத் தண்ணீரில் பாகை ஒரு சொட்டு விட்டு
அது உருண்டு, விரலுக்கு வளையும் அந்த ஒரு நிமிஷத்துக்காக
அடுப்படியில் மூச்சைப் பிடித்து நின்றவளிடம்
வறட்டி.

கல்யாணமான வருஷம் பதம் தப்பி
அத்தனையும் எண்ணெயில் கரைந்தது.
சட்டியில் மிச்சமிருந்ததைக் கரண்டியால் வழித்து
"நல்லாத்தானே இருக்கு" என்று தின்றவர் இவர்.
அப்போது இவருக்குச் சர்க்கரை
காப்பியில் மட்டும்தான் இருந்தது.

இப்போது மூன்று மாதக் கணக்கு
ஒன்பது புள்ளி நான்கு.
டாக்டர் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்,
உள்ளே விளக்கு எரியாத ஃப்ரிட்ஜில்.

தாம்பாளத்தை ஜன்னலோரம் வைத்தேன்.
வெளிவட்டம் பன்னிரண்டு,
உள்ளே எட்டு,
நடுவில் ஒன்று.
மழை வெளிச்சத்தில் எல்லாம் ஒரே பழுப்பு.
வெள்ளையாக எதையாவது எதிரில் பிடித்தால்
வெளிச்சம் திரும்பி விழுமென்று மகள் சொல்லியிருந்தாள்.
பீரோவிலிருந்து இவருடைய எட்டு முழ வேட்டியை எடுத்து
இவர் கையிலேயே கொடுத்தேன்.

"மேலே. இன்னும் மேலே.
இடது பக்கம் சாய்க்காதீங்க."
முப்பது வருஷம் பத்திர ஆபீசில்
சாட்சிகளை வரிசையில் நிற்கவைத்த மனிதர்
வாய் பேசாமல் நின்றார்,
வேட்டிக்கு மேலே கண்ணாடி மட்டும் தெரிய.

முதல் படத்தில் என் விரல்.
அடுத்த இரண்டிலும் ஆவி, லென்ஸ் பூத்துவிட்டது.
புடவைத் தலைப்பால் துடைத்தேன்.
மேகம் எங்கோ கொஞ்சம் விலகியிருக்க வேண்டும்,
ஏழாவதில் வெல்லம் தேன் நிறத்துக்கு வந்தது,
எள் ஒவ்வொன்றும் தனித்தனியாக.
"அசையாதீங்க" என்று கத்தி
இன்னும் நான்கு எடுத்தேன்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஏழாவதில் இருபத்தொன்று.
எட்டாவதில்
வெளிவட்டம் பதினொன்று.
இடது ஓரத்தில் எவர்சில்வர் மேல்
ஒரு எண்ணெய் வட்டம்.
அதில் தலைகீழாக வேட்டி,
வேட்டியைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு கை.

நிமிர்ந்தேன்.
இவர் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.
கன்னம் அசையாமலிருக்கப் பாடுபட்டது.
மீசையில் ஒரு எள்.

படைக்கிறதுக்கு முன்னால்!
சர்க்கரையோடு!
இரண்டில் எதைச் சொல்லித் திட்டுவதென்று
முடிவாவதற்குள்
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அதைக் காட்டாமல் அடுப்படிக்குப் போய்
மாவுத் தூக்கின் சுவரைச் சுரண்டினேன்.
சுண்டுவிரல் அளவு ஒட்டியிருந்தது.
திரும்ப எண்ணெய் காய்ந்தது.
கோணலாக, ஓரம் வெடித்து,
குழந்தை தட்டிய மாதிரி வந்தது இருபத்தொன்றாவது.

நோன்புக் கயிற்றுக்குப் பக்கத்தில்
அப்படியே படைத்தேன்.
புருஷன் உடம்பில் பாதி வேண்டுமென்று
நோன்பிருந்தவள் அவள்.
தின்றதில் பாதியை
என் பெயரில் எழுதிக்கொள்ளட்டும்.

மகளுக்கு ஏழாவதை அனுப்பினேன்.
எட்டாவதை அழிக்கவில்லை.
"சூப்பர்மா. அப்பாவுக்குக் கொடுத்துடாதே" என்று பதில் வந்தபோது
சார்ஜ் நான்கு.
பதில் போடவில்லை,
சார்ஜைச் சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் வேட்டியை நனைக்க எடுத்தால்
கரைக்கு மேலே, நெய்யும் வெல்லமுமாக
ரேகை தெரிய ஒரு கட்டைவிரல்,
பத்திரத்தில் வைப்பார்களே அந்த மாதிரி.
சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.
கொஞ்சம் போனது.
மிச்சத்தை
நான் தேய்க்கவில்லை.