மறை தர மறை

இணைந்த கணிதத்துக்கு ஆள் இல்லை எங்கள் பள்ளியில்.
வந்த சேர் இரண்டு தவணை இருந்தார்,
பிறகு வவுனியாவுக்கு மாற்றம்.
வகையிடலின் நடுவில் நிற்கிறது கொப்பி.

முத்தையன்கட்டுச் சந்திக் கடையில்
பழைய பேப்பர்க் கட்டோடு நிறுத்து வாங்கிய புத்தகம்.
விடைப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது.
கேள்விகள் எல்லாம் பத்திரம்.

சரியோ என்று கேட்க ஒருவரும் இல்லாதபோது
சரி என்றால் என்ன என்று கேட்கவேண்டி வந்தது.
ஒரே கணக்கை மூன்று வழியில் செய்தேன்.
மூன்று விடை வந்தது.
குறி வழுக்கிய இடத்தைத் தேடிப் பின்னால் போகப் போக
எட்டாம் தரத்தில் வந்து முட்டினேன்:
மறை தர மறை நேர்.
ஏன்?
பாடமாக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

துவாரகனிடம் கேட்டேன்,
முல்லைத்தீவுக்கு ரியூசன் போய்வருகிறவன்.
"அதெல்லாம் சோதினைக்கு வராது."
பஸ்சுக்கு நேரமாகிவிட்டது அவனுக்கு.

செவ்வாய்க்கிழமைகளில் லோன்காரர் வருவார்.
அம்மா கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்விடுவா.
"அம்மா இல்லை" என்பேன்.
இல்லைக்கும் ஓர் அளவு இருக்கிறது,
கிழமைக்குக் கிழமை கூடுகிறது,
என்று அவர் மோட்டார்சைக்கிள் திரும்பும்போது நினைத்தேன்.

அன்றிரவு கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில் எழுதினேன்.
ஒன்றும் மறை ஒன்றும் சேர்ந்தால் பூச்சியம்.
பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்
(இதையும் ஒருநாள் ஏன் என்று கேட்கவேண்டும்).
மறை ஒன்றால் பெருக்கினேன். அடைப்பை விரித்தேன்.
ஒரு துண்டு மறை ஒன்று.
அப்படியென்றால் மற்றத் துண்டு,
அதற்கு வேறு போக்கிடமே இல்லை,
நேர் ஒன்று.

நாலு வரி. பதினொரு நாள்.
தூரத்தில் யானைவெடி கேட்டது,
ஆரோ தென்னங்கன்றுக்குக் காவல்.
எழும்பி நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல்
அம்மாவைத் தட்டினேன்.
"விடிஞ்சிட்டுதோ?"
"இல்லையம்மா. மறை தர மறை நேர்தான்."
"அது உனக்கு முந்தியே தெரியும்தானே" என்று
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா.

தெரியாது, அம்மா.

காலையில் தம்பியின் ஆறாம் தரப் புத்தகத்தைக்
கேட்காமல் எடுத்தேன்.
பின்னங்கள்.
உயர்தரச் சோதினைக்கு ஒன்பது மாதம் இருக்கிறது.
போதாது.
பயிற்சி ஒன்று, முதலாம் கேள்வி.